ஈ செத்த டேங்கும் எண்பத்தஞ்சு லட்சமும்

என்னா தம்பி, மோட்டார் சைக்கிள் ஏலம் கேக்கப் போறியாமே? அதுவும் இத்தாலி வண்டியாமே? கரையாம்புத்தூர் டீக்கடையில இன்னிக்கு அதுதான் பேச்சு. ஏரியில மீன் ஏலம் கேக்கறவன் கூட, கரையில நின்னு தண்ணி எம்மாம் கெடக்குதுன்னு பாத்துட்டுத்தான் வாயைத் தொறப்பான். நீ கட்டில்ல படுத்துகினு போனைத் தடவியே கேட்டுப்புடலாம்னு இருக்க. கேளு. உன் காசு, உன் வெரலு. ஆனா வெரலை வெக்கறதுக்கு முன்ன இந்தப் பெருசு சொல்றதையும் கொஞ்சம் காதுல வாங்கிக்க. நான் புளியமரத்து ஏலம் பாத்தவன். கோயில் ஏலம் பாத்தவன். ஜப்தி ஏலமும் பாத்தவன். மனுஷனுக்கு ஆவேசம் வர்ற எடம் ரெண்டு. ஒண்ணு சாமி ஆடற எடம். இன்னொண்ணு ஏலம் விடற எடம். சாமி ஆடறவனுக்காச்சும் வேப்பிலை அடிச்சா தெளிஞ்சுடும்.

மொதல்ல வண்டியப் பத்திப் பேசுவோம். ஒண்ணும் தெரியாமலே கெழவன் கிண்டல் பண்றான்னு நீ சொல்லக் கூடாது பாரு. டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட். 1974-ஆம் வருஷத்துச் சரக்கு. செஞ்சதே 401 வண்டிதான். மேல வெள்ளி நெறம். அடியில சட்டம் மட்டும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நெறம். அந்தச் சட்டத்துக்குத்தான் இம்மாம் கிராக்கி. நல்லபடியா இருக்கற வண்டி ஒண்ணு லட்சம் டாலரைத் தாண்டும். இன்னிக்கு மேனிக்கு எண்பத்தஞ்சு லட்சத்துக்குக் கொறையாது. அந்தக் காசுக்கு நம்ம பக்கம் என்னா வாங்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். நீயே கணக்குப் போடு. கழனி, மோட்டார் கொட்டாய், கறவை மாடு, மிச்சத்துல உன் தங்கச்சி கல்யாணம்.

செஞ்சவன் லேசுப்பட்டவன் இல்ல. இத்தாலியில போலோன்யான்னு ஊரு. 1926-ல அப்பனும் மூணு புள்ளைங்களுமா சேந்து கம்பெனி ஆரம்பிச்சாங்க. எதுக்கு? மோட்டார் சைக்கிளுக்கா? இல்ல, ரேடியோ உதிரி பாகத்துக்கு. ரெண்டாவது உலகச் சண்டையில, 1944-ல, குண்டு போட்டு ஆலையத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. சண்டை ஓஞ்சுது. சோத்துக்கே அல்லாடற சனம் எங்கருந்து காரு வாங்கும்? அதனால 1946-ல சைக்கிள்ல மாட்டி ஓட்டற சின்ன எஞ்சின் ஒண்ணைப் போட்டாங்க. அதுக்குப் பேரு குச்சோலோ. தம்பி, இன்னிக்கு வெல்வெட்டுத் துணி மேல நிக்கறானே, அவனோட பாட்டன் சைக்கிளைப் புடிச்சுகினு தொங்கினவன். பிரெஞ்சுக்காரன் மொபிலெட்டைப் பாத்துத் திருப்பதியில செஞ்சாங்களே சுவேகா, அதுக்கு ஒண்ணுவிட்ட பங்காளி. சுவேகாவை உன் ஆயா கோழிக்கூண்டுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருந்தா. அவனுக்கு மட்டும் அதிர்ஷ்டம்.

அப்புறம் 1972, ஏப்ரல் மாசம். இமோலாங்கற எடத்துல 200 மைல் பந்தயம். டுகாட்டிக்காரன் வண்டியத் தயார் பண்ணிட்டு ஓட்ட ஆள் தேடறான். பால் ஸ்மார்ட்னு ஒரு இங்கிலீஷ்காரன். அவன் அந்நேரம் அமெரிக்காவுல வேற பந்தயத்துல இருக்கான். வூட்டுல போனை எடுத்தது அவன் பொண்டாட்டி மேகி. புருஷனை ஒரு வார்த்தை கேக்கலை. வருவாருன்னு அவளே வாக்குக் குடுத்துட்டா. இவன் வந்து வண்டியப் பாத்தான். நீளமா, தொளதொளன்னு கெடக்குது. மூஞ்சி சுருங்கிப் போச்சு. வந்தது வந்தாச்சேன்னு ஏறி ஓட்டுனான். ஜெயிச்சான். அவன் பின்னாலயே ரெண்டாவதா வந்த புரூனோ ஸ்பஜ்ஜாரியும் டுகாட்டிதான். உலகப் பட்டம் மேல பட்டமா வாங்கிக் குவிச்ச அகோஸ்தினி, எம்.வி. அகுஸ்தாவுல வந்து பாதியில நின்னுட்டாரு. பொண்டாட்டி பேச்சைக் கேட்டவன் கெட்டதில்லன்னு நான் இங்க தொண்டை கிழியச் சொன்னா எவன் கேக்கறான்? அந்தப் பந்தய வண்டியப் பாத்து, ரோட்டுல சனம் ஓட்டறதுக்குன்னு ரெண்டு வருஷம் கழிச்சுச் செஞ்சதுதான் நீ சொல்ற இந்த 401.

எஞ்சினை வரைஞ்சவரு ஃபாபியோ தாலியோனி. கெட்டிக்காரரு. பொதுவா எஞ்சின்ல வால்வைத் தள்ளித் தொறக்க ஒரு ஏற்பாடு இருக்கும். திரும்ப மூடறதை ஸ்பிரிங் பாத்துக்கும். வேகம் எகிறினா ஸ்பிரிங் தடுமாறும். வால்வு நேரத்துக்கு மூடாது. இவரு ஸ்பிரிங்கை நம்பலை. தொறக்கவும் ஒரு நெம்புகோல், மூடவும் ஒரு நெம்புகோல். காத்து வந்து சாத்தும்னு விடாம, கதவைத் தானே சாத்தித் தாப்பாள் போடற வூட்டுக்காரி மாதிரி. இதுல நான் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. தலை வணங்கறேன்.

இப்பத்தான் டேங்குக்கு வர்றேன். நல்லா கேட்டுக்க.

டேங்கு இரும்பு இல்ல, ஃபைபர் கிளாஸ். பக்கவாட்டுல மேலருந்து கீழ ஒரு பட்டை மட்டும் வர்ணம் அடிக்காம விட்டிருப்பான். உள்ள பெட்ரோல் எம்மாம் இருக்குதுன்னு வெளியிலருந்தே தெரியும். நல்ல யோசனை. ரேஷன் மண்ணெண்ணெ கேன்ல நாங்க அப்பிடித்தான பாத்தோம்? ஆனா சங்கதி அது இல்ல. அந்தக் காலத்துல ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்கு ஓட்டிப் பாக்கறதுக்குன்னு ஒரு வண்டி போச்சு. அந்த வண்டி டேங்குல, ஃபைபருக்குள்ள ஒரு ஈ. முழு ஈ. டேங்கை வார்க்கும்போது உக்காந்துது, அப்பிடியே சமாதி ஆயிடுச்சு. ஆலையில எவனும் பாக்கலை. பாத்தவனும் பதறலை. வண்டி வெளிய வந்துடுச்சு.

அம்பது வருஷமா இந்த ஈ கதையச் சொல்லிச் சொல்லி உருகறானுங்க வண்டிப் பிரியனுங்க. ஆகா, கையால செஞ்ச வண்டி! ஆகா, இத்தாலி! ஏன் தம்பி, நம்ம டீக்கடையில உன் கிளாஸ்ல ஈ கெடந்தா நீ என்னா பண்ணுவ? படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்ட? ஒரு ஸ்டார் போட மாட்ட? சுகாதார ஆபீசரைக் கூப்புட மாட்ட? அங்க விழுந்தா கலை, இங்க விழுந்தா கேஸு. ஈயும் பொறந்த ஊரைப் பாத்துத்தான் விழணும் போலருக்குது.

ஆலைக்காரன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் வண்டி ஓடணும்னு செஞ்சான். ஓடற வண்டியில ஈயை எவன் பாக்கப் போறான்? வண்டிய நிறுத்தி வெச்சு, பூதக்கண்ணாடி எடுத்து, குனிஞ்சு பாக்கறவனுக்குத்தான் ஈ தெரியும்.

அந்த டேங்குக்கு இன்னொரு சீக்கும் உண்டு. சாராயம் ஒத்துக்காது. சிரிக்காத, நெஜமாத்தான் சொல்றேன். பெட்ரோல்ல எத்தனால் கலந்தா அந்தக் காலத்து ஃபைபர் கிளாஸ் டேங்கு உப்பும். இளகும். கரைஞ்சு கோந்தாகி கார்புரேட்டருக்குள்ள எறங்கும். நம்ம நாட்டுல 2025-லயே பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனால்னு ஆக்கிட்டாங்க. கரும்புலருந்து வர்றது, மக்காச்சோளத்துலருந்து வர்றது, அரிசியிலருந்து வர்றது. பாகூர் கொம்யூன்ல கரும்பு வெளையுதா இல்லையா? நாம வெட்டி அனுப்பற கரும்பு சுத்தி வளைச்சுப் போயி இத்தாலிக்காரன் டேங்கைத் தின்னுப்புடும். புதுச்சேரிக்கு வந்து சாராயத்தால உள்ளுக்குள்ள கரைஞ்சு போன மனுஷங்களை நான் நெறைய பாத்திருக்கேன். கரைஞ்சு போன மோட்டார் சைக்கிளை இனிமேதான் பாக்கணும்.

இதுல வேடிக்கை என்னான்னா, நம்ம பக்கம் பெட்ரோல் வெல கொறைச்சல்னு தமிழ்நாட்டுக்காரன் எல்லை தாண்டி வந்து டேங்கை ரொப்பிகினு போறான். நீ பங்க்குக்கு எதுத்தாப்புல நின்னுகினு டேங்கைக் காயப் போடணும். வெவரம் தெரிஞ்சவன் என்னா பண்றான் தெரியுமா? ஓட்டறதுக்கு அலுமினிய டேங்கு ஒண்ணு செஞ்சு மாட்டிக்கறான். பழைய டேங்கைத் துணி சுத்தி அலமாரியில வெக்கறான். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கற பட்டுப்புடவை கேள்விப்பட்டிருக்கேன். ஏலத்துக்கு மட்டும் எடுக்கற டேங்கு இப்பத்தான் கேள்விப்படறேன்.

சரி, ஏலத்துக்கு வா.

ஏலத்துல வெல ஏறணும்னா பொருள் நல்லா இருக்கணும்னு நீ நெனைச்சுகினு இருக்க. அதெல்லாம் ரெண்டாம்பட்சம். ஆள் ரெண்டு வேணும். ரெண்டு பேருக்கும் ஒருத்தனை ஒருத்தன் புடிக்காம இருந்துட்டா இன்னும் விசேஷம். நம்ம புதுச்சேரியில சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அரசாங்கமே ஏலம் விடற சங்கதி உனக்குத் தெரியாததா? எதிராளி கேட்டுட்டானேன்னு மேல மேல ஏத்திக் கேட்டுட்டு, அப்புறம் மாசா மாசம் கிஸ்தி கட்டச் சொல்லும்போது முழி பிதுங்கினவனை நான் பாத்திருக்கேன். அதுலயாச்சும் ஒரு கணக்கு உண்டு. இத்தினி பேரு குடிப்பான், இத்தினி ரூபா வரும்னு வெரல் விட்டு எண்ணலாம். உன் டுகாட்டி மேல என்னா கணக்குப் போடுவ? இன்னிக்கு நான் ஏமாந்த வெலைக்கு மேல நாளைக்கு ஒருத்தன் ஏமாறுவான். அதான கணக்கு? முதலீடுன்னு அதுக்கு ஒரு பேரு வேற.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ரத்தினவேல் முருகன் கோயில் ஒண்ணு இருக்குது. பங்குனி உத்திரத்துல, வேல்ல குத்தின எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவாங்க. 2024-ல ஒம்பது பழம் 2.36 லட்சம் ரூபாய்க்குப் போச்சு. மொதல் நாள் பழம் ஒண்ணு மட்டும் 50,500. டவுன்காரங்க அதைப் படிச்சுட்டுச் சிரிச்சாங்க. எலுமிச்சம்பழத்துக்கு அம்பதாயிரமான்னு தலையில அடிச்சுகினாங்க. நான் சிரிக்கலை. புள்ளை இல்லாத வூட்டுல அந்தப் பழத்து மேல ஒரு ஆசை. வாங்கினவங்க குளிச்சுட்டு வந்து சாப்ட்டுடறாங்க. சாப்பிடறதுக்குத்தான் பழம். அதைக் கண்ணாடிப் பொட்டியில வெச்சு, கீழ வெளக்குப் போட்டு, தொடாதேன்னு போர்டு மாட்டலை. இதுல யாரு புத்திசாலி, சொல்லு பாப்போம்?

இன்னொண்ணு சண்டிகர்ல. 2022-ல ஒரு மனுஷன் தன் ஆக்டிவாவுக்கு 0001-ங்கற நம்பரை ஏலத்துல எடுத்தாரு. வண்டி 71,000 ரூபா. நம்பர் 15.44 லட்சம். வண்டியத் தொலைச்சாலும் பரவால்ல, நம்பர் பிளேட்டைத் தொலைச்சா குடும்பம் நடுத்தெருவு.

உன் இத்தாலி வண்டி ஏலம் விடறவங்க இன்னும் சாமர்த்தியசாலிங்க. அமெரிக்காவுல லாஸ் வேகாஸ்ல, இங்கிலாந்துல ஸ்டாஃபோர்டுல ஏலம் நடக்கும். மெக்கம், போனம்ஸ்னு கம்பெனிங்க. வழவழன்னு புஸ்தகம் அடிச்சு, வண்டிக்கு ஜாதகம் எழுதி வெப்பாங்க. யாரு வாங்கினது, யாரு கைக்கு மாறினது, எத்தினி மைல் ஓடினதுன்னு எல்லாம் இருக்கும். விக்கறவன் மனசுல வெச்சிருக்கற கடைசி வெலையை மட்டும் சொல்ல மாட்டாங்க. வித்தவன் கிட்டயும் கமிஷன், வாங்கினவன் கிட்டயும் கமிஷன். சுத்தியல் தட்டின வெலையோட போச்சுன்னு நெனைச்சுடாத. அதுக்கு மேல நூத்துக்குப் பத்து, பதினஞ்சுன்னு நீ கட்டணும். நம்ம மாட்டுச் சந்தையில தரகனும் ரெண்டு பக்கமும் வாங்கறவன்தான். துண்டைப் போட்டுக் கையை மறைச்சு, வெரலைப் புடிச்சு வெல பேசறவன்தான். ஆனா சாயங்காலம் ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுப்பான்.

துருவுக்குக் கூட வெல உண்டு, கேளு. இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் ஒரு பழைய கொட்டாய். உள்ள எட்டு ப்ரஃப் சுப்பீரியர் வண்டி. அதுவும் பேர் போன வண்டிதான். அம்பது வருஷத்துக்கு மேல கெடந்து, துரு தின்னு, சிலது கழட்டிப் போட்டது போட்டபடி. 2016-ல போனம்ஸ் ஏலம் விட்டுது. எட்டும் சேந்து 7.5 லட்சம் பவுண்டுக்கு மேல. 1938-ஆம் வருஷத்து நாலு சிலிண்டர் வண்டி ஒண்ணு மட்டும் 3,31,900 பவுண்டு. இந்த மாதிரி சரக்குல தூசியைத் துடைக்கவே பயப்படுவாங்களாம், துடைச்சா வெல எறங்கிடுமாம். இதை உன் ஆயாகிட்ட சொன்னேன். கொட்டாயைக் கூட்டாம விட்டா கோடி ரூபா வருமான்னு கேட்டா. வருமாம்னேன். என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு வெளக்கமாத்தை எடுத்துகினு போயிட்டா. என்னையும் அம்பது வருஷமா வெச்சிருக்கா, ஒரு வெலையும் வரலைங்கற ஆத்தாமை அவளுக்கு.

எல்லாத்தையும் விட எனக்கு மனசு ஆறாத சங்கதி லவெர்தா. அதுவும் இத்தாலிதான். அந்தக் குடும்பத்துல பியத்ரோ லவெர்தாங்கறவரு 1873-ல விவசாயக் கருவி செய்ய ஆரம்பிச்சாரு. பேரன் பிரான்செஸ்கோ 1949-ல மோட்டார் சைக்கிள் பக்கம் போனாரு. அந்த வழியில 1971-ல வந்தது லவெர்தா 750 எஸ்.எஃப்.சி. ஆரஞ்சு நெறம். விடிய விடிய ஓட்டற நெடும் பந்தயத்துக்குன்னு செஞ்சது. அஞ்சூத்திச் சொச்சம் வண்டிதான் வெளிய வந்துது. இன்னிக்கு அதுக்கும் ஏலத்துல தள்ளுமுள்ளு. அதே பேருல அறுவடை எந்திரமும் வந்துது, 1956-லருந்து. கதிரறுத்து, போரடிச்சு, நெல்லைப் பிரிச்சுக் குடுக்கற எந்திரம். அதை எவனாவது வெல்வெட்டு மேல நிறுத்தி வெச்சு ஏலம் கேக்கறானா? சம்பா அறுப்பு நேரத்துல நம்ம பாகூர்ப் பக்கம் வந்து பாரு. மணிக்கு இம்புட்டுன்னு வாடகை பேசி, மெஷின் எப்ப வரும் எப்ப வரும்னு வரப்புல நின்னு ஏங்கறவன் மொகத்தைப் பாரு. மேல மழை கருத்துகினு வரும். அந்நேரத்துல ஏலம் விட்டா தெரியும், எந்த எந்திரத்துக்கு என்னா வெலைன்னு.

இதைத்தான் தம்பி உனக்கு நான் உரைக்கறாப்பல சொல்லணும்னு இருந்தேன். அந்த டுகாட்டி ஓடறதுக்குப் பொறந்தது. வேகமா ஓடறதுக்கே பொறந்தது. இன்னிக்கு அதோட ஜாதகத்துல பெருமையா என்னா எழுதறான்? கொஞ்சம்தான் ஓடியிருக்குதுன்னு எழுதறான். ஓடினது கொறைய கொறைய வெல ஏறுது. அப்ப வாங்கினவன் என்னா பண்ணுவான்? ஒரு தடவை ஓட்டினா ஆயிரம் ரெண்டாயிரம் போச்சேன்னு வயித்துல நெருப்பைக் கட்டிகினு பக்கத்துல உக்காந்திருப்பான். தொட மாட்டான். மழைக்கு முன்ன போத்துவான், வெயிலுக்கு முன்ன நகத்துவான். 1980-ல வந்த டி.வி.எஸ். 50, நெல்லு மூட்டை சுமந்து, பால் கேன் சுமந்து, புள்ளத்தாச்சியைக் கூட ஆஸ்பத்திரிக்குச் சுமந்து, வாழ்ந்து கெட்டுது. அதுக்கு எடைக்கு எடை பழைய இரும்பு வெல. வாழாமலே கெழவனானவனுக்கு எண்பத்தஞ்சு லட்சம்.

இத்தாலி வண்டி நமக்கு ஒண்ணும் புதுசில்ல, அதையும் சொல்லிடறேன். பம்பாயில லாம்ப்ரெட்டா செஞ்சாங்க. பஜாஜ்காரங்க 1960-கள்ல வெஸ்பாவைத்தான் செஞ்சாங்க. அப்புறம் 1972-ல சேட்டக்குன்னு தனிப் பேரு வெச்சாங்க. அதுக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்துகினு இருந்த சனம் உண்டு. வரிசையில பேரு இருக்குதுன்னு சொல்லியே பொண்ணு பாத்தவனும் உண்டு. லாம்ப்ரெட்டா செஞ்ச இன்னொசென்டி கம்பெனி கடையக் கட்டினப்ப, அந்த மெஷினுங்களையே நம்ம அரசாங்கம் வாங்கி லக்னோவுல எறக்குச்சு. அதுலதான் விஜய் சூப்பர் வந்துது. பின்னால ஒரு காலம் வந்துது. இங்க கெடந்த பழைய வெஸ்பா, லாம்ப்ரெட்டாவைப் பொறுக்கி, டிங்கரிங் பண்ணி, பட்டி பாத்து, ரெண்டு கலர் பெயிண்ட் அடிச்சு, கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு வித்தாங்க நம்ம ஆளுங்க. வெள்ளைக்காரன் ஆசையா வாங்கித் தட்டிப் பாத்தா, இரும்பு இருக்க வேண்டிய எடத்துல பட்டி. இருநூறு வருஷக் கடனைக் கொஞ்சம் கழிச்சுக்கிட்டாங்கன்னு வெச்சுக்க.

இப்ப உன் வயசுப் பசங்க யமஹா ஆர்.எக்ஸ். 100-க்கு அலையறானுங்க. 1985-ல வந்துது, 1996-ல நிறுத்தினாங்க. லட்சம் ரூபா குடுத்து வாங்கறானுங்க. அதைக் கூட நான் ஒத்துக்குவேன். ராத்திரி பத்து மணிக்கு நம்ம தெருவுல ஓட்டிகினு போயி என் தூக்கத்தையாச்சும் கெடுக்கறானுங்க. வண்டி ஓடுதே!

உன் டுகாட்டியக் கொண்டாரவும் வழி வந்துடுச்சு. முன்னெல்லாம் 1950-க்கு முந்தின வண்டியத்தான் பழம்பொருள்னு உள்ள விட்டாங்க. 2025-ல அம்பது வயசு ஆனா போதும்னுட்டாங்க. 1974-க்கு வயசு ஆயிடுச்சு. வந்தாச்சுன்னு வெச்சுக்க. பதிவு பண்ணணும். 2021-ல தனி விதி போட்டிருக்குது. அம்பது வயசுக்கு மேல உள்ள வண்டிக்கு நம்பர்ல நடுவுல வி.ஏ.ன்னு எழுத்து வரும். புதுசா பதியக் கட்டணம் 20,000 ரூபா. கட்டிட்டியா? சந்தோஷம். இப்ப ஓட்டிப் பாரு. தெனப்படி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாதாம். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடறது, ரிப்பேர் பாக்கறது, இதுக்கெல்லாம்தான் வெளிய எடுக்கலாம். பெட்ரோல் போடப் போகலாம், ஆனா போட்ட பெட்ரோல்ல எங்கயும் போகக் கூடாது. போட்டா டேங்கு வேற கரையும்.

நம்ம ஊரு எல்லை எப்பிடி வளைஞ்சு நெளிஞ்சு கெடக்குதுன்னு உனக்குத் தெரியும். கரையாம்புத்தூருலருந்து கெளம்பினா அரை மணி நேரத்துல தமிழ்நாட்டுக்குள்ள போயி, வந்து, மறுபடியும் போயிருப்ப. ஒவ்வொரு எல்லையிலயும் ஒரு ஏட்டு கையைக் காட்டுவாரு. எங்கப்பா போறன்னு கேப்பாரு. பேரணிக்குன்னு சொல்லுவியா? ஒத்தை வண்டியில என்னா பேரணின்னு கேக்க மாட்டாரு? முதுகுக்குப் பின்னால பை நெறைய மல்லாட்டை வெச்சுகினு கண்காட்சிக்குப் போறேன்னு சொன்னா எவன் நம்புவான்?

இம்புட்டும் சொல்லியும் உன் மொகம் மாறலை. வாங்கியே தீருவன்னு தெரியுது. சரி, நேர்ல போறதா இருந்தா பாத்து வாங்கு. சட்டத்துல அடிச்சிருக்கற நம்பர், எஞ்சின் நம்பர், ரெண்டையும் ஆளை வெச்சுப் பாக்கச் சொல்லு. அந்தக் காலத்துல டுகாட்டியே விலை கொறைஞ்ச 750 வண்டிங்களும் செஞ்சுது. அதுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு, ஃபைபர் டேங்கு மாட்டி, அசல்னு நிறுத்தறவனுங்க இருக்கானுங்க. செஞ்சது 401, ஊர் ஊரா எண்ணினா அதுக்கு மேல வரும்னு நான் நெனைக்கறேன். எஞ்சினைப் போட்டுக் காட்டச் சொல்லு. அதுல பட்டன் கெடையாது, காலால உதைக்கணும். உன் காலுக்கு அது கெளம்புமான்னும் அங்கயே பாத்துடு. டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. ஈ இருந்தா சந்தோஷப்படு, வெல கூட. ஏலம் நடக்கும்போது மூக்கைச் சொறியாத, கொட்டாவி விடாத, தெரிஞ்சவனைப் பாத்துக் கையைத் தூக்காத. வந்து சேந்ததும் நீ என்னா பண்ணணும்னா, மொதல் நாளே நம்ம ரோட்டுல எடுத்து, மடுகரை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டு. வெல எறங்கினா எறங்கட்டும். அந்த தாலியோனி வால்வை எதுக்குச் செஞ்சாருன்னு ஒரு தடவையாச்சும் வண்டிக்கே தெரியட்டும். வேணும்னா நானும் பின்னால ஏறிக்கறேன். ஒத்தை சீட்டா? அப்ப சரி, வேணாம்.

கடைசியா ஒண்ணு. பணத்தைக் கட்டறதுக்கு முன்ன உன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. இமோலாவுல ஜெயிச்சவனுக்கே அவன் பொண்டாட்டிதான் முடிவு பண்ணா. எண்பத்தஞ்சு லட்சம்னு மொத்தத் தொகையையும் மறைக்காம சொல்லு, கமிஷனோட சொல்லு. அதுக்கும் அவ சரின்னுட்டான்னா, எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடு. உங்க ஆயாவைக் கூட்டிகினு வந்து அந்தப் பொண்ணைக் காட்டணும்.